பழைய பூங்காவுக்குப் போறதெண்டா: யாழ்ப்பாணத்துப் பூங்காக்களை ஒரு நாளில ஆறுதலாப் பாக்கிறது எப்பிடி

ஆடி ஆவணி வந்தா நல்லூர்த் திருவிழாவுக்கெண்டு வெளிநாட்டில இருந்தும் கொழும்பில இருந்தும் வாற சொந்தக்காரர் என்னட்டக் கேக்கிறது ஒரே கேள்வி. கோயிலுக்குப் போயிட்டம், கசூரினாக் கடற்கரைக்கும் போயிட்டம், இனிப் பிள்ளையள எங்க கூட்டிக்கொண்டு போறது, மாமிக்கும் கனதூரம் நடக்க ஏலாது, அவாவைத் தனிய விடவும் ஏலாது. நான் உடன சொல்லுறது பழைய பூங்கா. அங்க ஊஞ்சல் தானே இருக்கு, அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும் எண்டுவினம். அரை மணித்தியாலத்தில திரும்பி வந்தவை அந்த இடத்தைப் பாக்கேல்லை, அதுதான் உண்மை. அதனால எந்த நேரம் போறது, என்னத்தைப் பாக்கிறது, பெரியாக்களை எங்க இருத்துறது, பின்னேரம் மற்றப் பூங்காக்களுக்கு எப்பிடி மாறுறது எண்டு நான் போய் வந்து தெரிஞ்சுகொண்டதை எழுதுறன்.

இடம் லேசு. கண்டி வீதி, சுண்டிக்குளிப் பக்கம், கச்சேரியடி, அதாவது மாவட்டச் செயலகத்தடி. ஓட்டோக்காரரிட்ட "கச்சேரியடி, பழைய பூங்கா" எண்டாப் போதும், வேற ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பஸ்ஸில வாறதெண்டா ரவுணில இருந்து கண்டி வீதியால சாவகச்சேரிப் பக்கம் போற பஸ்ஸில ஏறி கச்சேரியடியில இறங்குங்கோ. கொழும்பில இருந்து ரயிலில வந்து இறங்கினாலும் தூரமில்லை, பெட்டி படுக்கை இல்லாட்டி நடந்தே வந்திடலாம்.

நேரம் தான் முக்கியம், கனபேர் பிழை விடுறதும் இதிலதான். மத்தியானச் சாப்பாட்டை முடிச்சிட்டு ரெண்டு மணிக்கு வெளிக்கிடுவினம், பிள்ளையள் பத்து நிமிசத்தில முகம் சிவந்து தண்ணி கேக்கத் தொடங்கிடும், சறுக்கீஸ் தகரமோ பிளாஸ்ரிக்கோ எதெண்டாலும் அந்தநேரம் தொட ஏலாத சூடு. காலமை போங்கோ. வாசல் திறக்கிற நேரத்தை முதல் நாளே அந்தப் பக்கம் போற ஆரிட்டயும் கேட்டு வைச்சு, திறந்த உடன உள்ள போனா நல்லது. இல்லாட்டி பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் சோளகம் வீசும், காத்து இருக்கும், ஆனா மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும், கண்ணாடி போடுற ஆக்களுக்கு அந்தக் கண்ணாடியே ஒரு உதவி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலம். எங்கட பக்கம் வருசத்து மழையில பெரும்பங்கு அந்த மூண்டு மாசத்துக்குள்ளதான் பெய்து முடியும். மழை விட்ட அடுத்தநாள் பூங்கா சரியான வடிவா இருக்கும், மரமெல்லாம் கழுவி விட்டமாதிரி, ஆனா நுளம்பும் இருக்கும். டெங்கு நுளம்பு கடிக்கிறது பகலிலதான், அதுவும் காலமையும் பொழுதுபட முந்தின நேரமும்தான் கூட, பூங்காவுக்குப் போற நேரமும் அதுதான் எண்டபடியா மழைக்காலத்தில பிள்ளையளுக்கு நீளக் காற்சட்டை போட்டு நுளம்புக்குப் பூசுற கிறீமும் பூசிக் கூட்டிக்கொண்டு போங்கோ. இதை நான் வற்புறுத்திச் சொல்லுறன்.

இனிக் கதை. ஊஞ்சலுக்கு ஓடவிட முதல் ஒரு மரத்துக்குக் கீழ எல்லாரையும் இருத்தி இதைச் சொல்லுங்கோ, பிறகு பிள்ளையள் அந்த இடத்தைப் பாக்கிற பார்வையே வேற.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில வட மாகாணத்தை நடத்தினது அரசாங்க அதிபர். சனம் அவரை ஏஜண்டர் எண்டு சொல்லும். அப்பிடி வந்தவர்தான் பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829 ல யாழ்ப்பாணத்துக்குப் பொறுப்பாளரா வந்தார், 1867 ல சாகும்வரைக்கும் கிட்டத்தட்ட அவர்தான் இந்தப் பக்கத்து ராசா, இங்கிலீசுக்காரரே அவரை வடக்கின் ராசா எண்டுதான் சொன்னவை. முப்பத்தெட்டு வருசம் எண்டா யோசிச்சுப் பாருங்கோ, அவர் வரேக்க பிறந்த பிள்ளை அவர் போகேக்க பேரப்பிள்ளை காண்ற வயசுக்குக் கிட்ட வந்திருக்கும். கொழும்பில இருந்து ரயில் முழுசா யாழ்ப்பாணம் வந்து சேந்ததே 1905 ல தான், அப்ப டைக்கின்ர காலத்தில கொழும்பு எண்டது எவ்வளவு தூரம், ஒரு கடிதம் போய் மறுமொழி வர எத்தனை நாள் எடுத்திருக்கும், அதால இங்க என்ன நடக்கவேணும் எண்டதை அவர்தான் முடிவெடுத்தார். நல்லதும் நடந்தது, அதிகாரம் ஒரு ஆளின்ர கையில இவ்வளவு காலம் இருந்தா வாறதும் நடந்திருக்கும், ரெண்டையும் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ.

அந்த டைக் தான் இருந்த வீட்டைச் சுத்தி உண்டாக்கின தோட்டம்தான் இந்தப் பூங்கா. அதாவது சனத்துக்கெண்டு தொடங்கினதில்லை, ஒரு அதிகாரியின்ர வளவு. சுத்திவர வெயிலும் சுண்ணாம்புக்கல்லும் பனையுமா இருக்கிற ஊரில இப்பிடி ஒரு நிழலை உண்டாக்கிறதுக்கு எத்தனை பேர் கிணத்தில தண்ணி அள்ளி ஊத்தியிருப்பினம் எண்டு நான் ஒவ்வொருக்காப் போகேக்கயும் நினைப்பன். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. கிணறும் குளமும்தான். மரம் வைச்சவன்ர பேர் எழுதியிருக்கு, தண்ணி ஊத்தினவையின்ர பேர் எங்கயும் இல்லை, எண்டாலும் மரம் நிக்கிறது அவையாலதான்.

டைக்கின்ர இன்னொரு வேலையை யாழ்ப்பாணத்து ஆக்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாள் பாவிச்சிருப்பம். 1850 ல அவர் நட்புதவிச் சங்கம் எண்ட பேரில தொடக்கின ஆஸ்பத்திரிதான் வளந்து இண்டைக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையா நிக்குது. உங்கட பிள்ளை அங்க பிறந்திருந்தா, பூங்காவையும் ஆஸ்பத்திரியையும் சேத்துச் சொல்லுங்கோ, உடன பிடிச்சுக்கொள்ளும்.

டைக்குக்குப் பிறகு வந்தவரில மறக்க ஏலாத ஆள் வில்லியம் துவைனம். 1869 இல இருந்து 1896 வரைக்கும் அதிபர். மன்னார் முத்துக்குளிப்பில நல்ல தேர்ச்சி உள்ளவர். பென்சனுக்குப் பிறகு மற்றத் துரைமார்மாதிரி கப்பலேறிப் போகேல்லை, யாழ்ப்பாணத்திலயே இருந்து 1922 ல இங்கயே கண்ணை மூடினார். பிறகு 1905 இல இருந்து 1907 வரைக்கும் லெனார்ட் வூல்ஃப் இந்தக் கச்சேரியில இளம் உத்தியோகத்தரா வேலை செய்தவர், பின்னாளில இங்கிலாந்தில எழுத்தாளரா பதிப்பாளரா பேரெடுத்த அதே ஆள்தான். வீட்டில ஆரும் இங்கிலீசு இலக்கியம் படிக்கிற பிள்ளை இருந்தா இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கோ, போனை வைச்சிட்டு நிமிந்து பாக்கும்.

பிறகு யுத்தம். பழைய கச்சேரிக் கட்டிடமும் அதிபர் வாசஸ்தலமும் இடிஞ்சு போச்சு. கச்சேரியின்ர அந்தச் சுவர்களை இண்டைக்கும் பாக்கலாம், கூரை இல்லாம, யன்னல் இருந்த இடமெல்லாம் வானம் தெரியும். பூங்காப் பக்கம் போற ஆக்கள் கனபேர் அதைக் கடந்து போவினம், திரும்பிப் பாக்கிறேல்லை. நீங்கள் ஒருக்கா நிண்டு பாருங்கோ. சுவரின்ர தடிப்பைப் பாருங்கோ, சுண்ணாம்புச் சாந்து எப்பிடி இன்னும் கல்லைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது எண்டு பாருங்கோ. ஆனா தூர நிண்டு பாருங்கோ, பிள்ளையளைச் சுவரில ஏற விடாதேங்கோ, அது ஏறுற சுவரில்லை, மழைக்குப் பிறகு கல்லுக் கழரும். பாம்பு பூச்சியும் இடிபாட்டுக்குள்ளதான் இருக்கும்.

சரி, இனி பூங்காவுக்குள்ள எப்பிடிச் சுத்துறது. முதலாவதா, பெரியாக்களை வெயில் வர முதல் நிழல் இருக்கிற வாங்கில இருத்திப்போடுங்கோ. இருத்த முதல் அந்த நிழல் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு எங்க போகும் எண்டு பாருங்கோ, காலமை எண்டா நிழல் மரத்துக்கு மேற்காலதான் விழும், நேரம் போகப்போக மரத்தடிக்குச் சுருங்கி வரும், அதால மரத்துக்குக் கிட்டவா இருக்கிற வாங்குதான் நல்லம். எங்கட அம்மாவுக்கு நாரிப்பிடிப்பு இருக்கிறபடியா நான் ஒரு சின்னத் தலாணியும் கொண்டு போறனான், கொங்கிறீற் வாங்கில முதுகு சாய இடமிருக்காது. சக்கர நாற்காலியில வாற ஆக்களெண்டா ஒரு ஆள் முதல்ல போய் வாசலையும் பாதையையும் பாத்திட்டு வாறது நல்லது, வேர் எழும்பின இடத்தில சில்லு மாட்டும்.

விளையாட்டுச் சாமான் இருக்கிற பக்கம் சின்னப் பிள்ளையளுக்கு. ஊஞ்சலில இருத்த முதல் சங்கிலியையும் கொழுக்கியையும் ஒருக்கா இழுத்துப் பாருங்கோ, எங்கட உப்புக்காத்துக்கு இரும்பு கெதியாக் கறள் பிடிச்சிடும். எந்தப் பூங்கா எண்டாலும் இதைச் செய்யுங்கோ. போன வருசம் ஒரு பூங்காவில என்ர பெறாமகள் இருந்த ஊஞ்சல் ஒரு பக்கம் கழண்டு அவள் மண்ணில விழுந்தவள், நல்லகாலம் முழங்கால் உரஞ்சினதோட போச்சு. அண்டைக்கு இழுத்துப் பாத்திருந்தா அது நடந்திராது எண்டு இண்டைக்கும் மனசு அடிச்சுக்கொள்ளும்.

ஆனா பழைய பூங்காவின்ர உண்மையான சொத்து மரங்கள். பத்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளையளை இதிலதான் இழுக்கவேணும். நான் செய்யுறது இப்பிடி: வீட்டில இருந்து ஒரு தையல் அளவு நாடா, கொப்பி, பென்சில். எந்த மரம் பெரிசெண்டு பிள்ளையளே தேடிப் பிடிக்கட்டும். மரத்தின்ர சுத்தளவை அளக்கிறது நிலத்தில இருந்து 1.3 மீற்றர் உயரத்தில, அதாவது ஒரு பெரிய ஆளின்ர நெஞ்சு மட்டம், காட்டிலாகா ஆக்களும் விட்டத்தை எடுக்கிறது அந்த மட்டத்திலதான். நாடா காணாட்டி கை கோத்து நிண்டு எத்தனை பிள்ளை எண்டு எண்ணுங்கோ. சுத்தளவை 3.14 ஆல பிரிச்சா விட்டம் வரும், கணக்குப் பாடத்தில அழுற பிள்ளையும் இதைச் சிரிச்சுக்கொண்டு செய்யும். எழுதி வையுங்கோ. அடுத்தமுறை ரெண்டு மூண்டு வருசத்தால ஊருக்கு வரேக்க அதே மரத்தை அளந்து பாக்கலாம், அந்தப் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில ஒரு மரம் சொந்தமாயிடும்.

மரத்தை அடையாளம் பிடிக்கிறதுக்கு இலையை மட்டும் பாத்தா ஏலாது, எட்டாத உயரத்தில நிக்கும். கீழ விழுந்து கிடக்கிறதைப் பொறுக்குங்கோ. அஞ்சு செட்டை வைச்சமாதிரி காய் கிடந்தா அது மருது, அடிமரமும் வழுவழுப்பா வெளிர் நிறமாப் பட்டை உரிஞ்சு இருக்கும். தட்டையான கடதாசிமாதிரிக் காய் காத்துக்குச் சலசலத்தா வாகை. வேம்பும் புளியும் சொல்லித் தரத் தேவையில்லை, ஆனா வெளிநாட்டில பிறந்த பிள்ளையளுக்குத் தெரியாது, புளியங்காய்க் கோதை உடைச்சு நக்கிப் பாக்கக் குடுங்கோ. பழைய வளவுகளில இலுப்பையும் நிக்கும், அது பழுக்கிற காலம் வௌவால் வரும். கொப்பு முறிக்க வேண்டாம், பட்டையில பேர் கிறுக்க வேண்டாம், பட்டைக்குக் கீழதான் மரத்தின்ர சாப்பாடு ஓடுற வழி, சுத்திவர வெட்டினா எவ்வளவு பெரிய மரமும் செத்துப்போம். முசுறு எறும்புக் கூடு இருக்கிற கொப்பில பிள்ளையள் தொங்காம அதையும் பாத்துக்கொள்ளுங்கோ.

அங்க நிண்டிட்டு வெளிய கண்டி வீதிக்கு வந்து பாருங்கோ, சூடு முகத்தில அடிக்கும். நிழல் மட்டுமில்லை காரணம், மரம் வேரால உறிஞ்சின தண்ணியை இலையால ஆவியா விடுது, அந்த ஆவி சுத்துப்புறச் சூட்டை இழுத்துக்கொண்டு போகுது. ஏசிக்கு மாசம் எவ்வளவு கறண்ட் பில் கட்டுறம் எண்டு தெரிஞ்ச ஆக்களுக்கு ஒரு பெரிய மரம் தறிக்கிறது எவ்வளவு நட்டம் எண்டு விளங்கும். அதனாலதான் இந்தப் பூங்காவில ஒரு மரம் போகுது எண்டு கேள்விப்பட்டாலே எனக்கு வயிறு பத்தும்.

கொண்டு போற சாமானைப் பற்றியும் சொல்லவேணும். தண்ணி ஆளுக்கொரு போத்தில், வீட்டில இருந்து நிரப்பி. புட்டோ இடியப்பமோ வாழையிலையில கட்டிக்கொண்டு போங்கோ, இலை மக்கிப்போம். ஷொப்பிங் பை கொண்டுபோறதெண்டா குப்பையை அதுக்குள்ளயே போட்டுத் திரும்பக் கொண்டு வாறதுக்கெண்டு கொண்டு போங்கோ. டொய்லெட் விசயம் தான் பெரிய தலையிடி. பொது இடங்களில பூட்டிக் கிடக்கிறதும் தண்ணி வராததும் எனக்கு நடந்திருக்கு, வயசு போன ஆக்களோட நிண்டு படுற பாடு சொல்ல ஏலாது. அதனால வெளிக்கிட முதல் வீட்டில எல்லாரும் ஒருக்காப் போயிட்டு வாறது, உள்ள போன உடன எது திறந்திருக்கு எண்டு பாத்து வைக்கிறது, பையில ஒரு ரிசுப் பக்கற்றும் சவுக்காரத் துண்டும். ரிக்கற், போட்டோ எடுக்கிற விதிமுறை எல்லாம் வாசல்ல கேட்டுக்கொள்ளுங்கோ, சில்லறைக் காசு வைச்சிருங்கோ. கலியாணப் போட்டோ எடுக்க வாறவையும் இருப்பினம், அவைக்கு இடம் விட்டுக் குடுங்கோ.

பத்து பத்தரைக்கு வெயில் ஏறத் தொடங்கும், அப்ப வெளிக்கிட்டு வீட்டை போய்ச் சாப்பிட்டுப் படுத்தெழும்புங்கோ. பின்னேரம் ரெண்டாவது பாதி.

பின்னேரத்துக்கு சுப்பிரமணியம் பூங்கா. பொதுநூலகத்தடி, மணிக்கூட்டுக் கோபுரத்தடி எண்டு சொன்னா எல்லாருக்கும் தெரியும், பழைய பூங்காவில இருந்து ரெண்டு கிலோமீற்றர் வரும். இது கொஞ்சம் சின்ன இடம், பிள்ளையளுக்கு விளையாட்டுச் சாமான், வாங்கு, நடக்கப் பாதை, சனி ஞாயிறு எண்டா சரியான சனம். இடம் அமைஞ்ச விதம்தான் இதின்ர பலம். பிள்ளை விளையாடுற நேரத்தில வீட்டாக்களில ஒராள் பக்கத்தில நிக்க மற்றாக்கள் மாறி மாறி நடந்து போய் கனக்கப் பாத்திட்டு வரலாம். மணிக்கூட்டுக் கோபுரம் 1875 ல வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்த ஞாபகத்துக்குக் கட்டினது. முற்றவெளி, அதுக்கங்கால கோட்டை. ஒல்லாந்தர் கட்டின அந்த அஞ்சு மூலைக் கோட்டையின்ர கொத்தளத்தில ஏறி நிண்டா பண்ணைக் கடலுக்கு மேல பொழுது படுறதைக் காணலாம். வீரசிங்கம் மண்டபத்தடியில 1974 தமிழாராய்ச்சி மாநாட்டுக் கடைசி நாள், தை (ஜனவரி) 10 ஆம் திகதி செத்த ஆக்களின்ர நினைவுத்தூண். அங்க போகேக்க பிள்ளையளைக் கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லுங்கோ.

பொதுநூலகத்தைப் பற்றி ஒரு வரியில எழுத மனம் வரேல்லை. 1959 ல திறந்தது. 1981 வைகாசி (மே) கடைசி நாளும் ஆனி (ஜூன்) முதலாம் திகதியுமா எரிச்ச இரவில 97,000 புத்தகத்துக்குக் கிட்டப் போனது, அதுக்குள்ள வேற எங்கயும் இல்லாத ஏட்டுச்சுவடியும் இருந்தது. இப்ப வெள்ளையா நிமிந்து நிக்கிற கட்டிடம் திரும்பக் கட்டினது. எங்கட அம்மா சொல்லுவா, அண்டைக்கு எரிஞ்ச கடதாசிச் சாம்பல் காத்தில பறந்து வந்தது எண்டு. பூங்கா வாங்கில இருந்து பாத்தா அந்தக் குவிமாடம் தெரியுற இடம் பாத்து இருங்கோ, உங்களோட வந்த பெரியாக்களை அந்த நேரம் கதைக்க விடுங்கோ, போனில குரலைப் பதிஞ்சு வையுங்கோ. மேசையில இருத்திக் கேட்டா சொல்ல மாட்டினம், அந்த இடத்தைக் கண்டா தாங்களாவே தொடங்குவினம்.

பொழுதுபட்டாப் பிறகு கால் தாங்கினா புல்லுக்குளத்தடி, பக்கத்தில புதுசா எழும்பின கலாசார நிலையம் தண்ணியில வெளிச்சமாத் தெரியும். அதே மாதிரி ஆரியகுளமும் 2021 ல திருத்தித் திறந்தாப் பிறகு குடும்பமா இருந்து கதைக்க நல்ல இடம், குளத்தைச் சுத்தி நடக்கலாம், பிள்ளையளின்ர கையை மட்டும் விடக்கூடாது.

நல்லூர்ப் பக்கம் தங்கியிருக்கிற ஆக்களுக்கு சுப்பிரமணியம் பூங்காவுக்குப் பதிலா முத்திரைச் சந்திக்குக் கிட்ட சங்கிலியன் பூங்கா லேசு. கிட்டு பூங்கா எண்டாத்தான் கனபேருக்குத் தெரியும், ரெண்டு பேரையும் சொல்லிக் கேளுங்கோ. அங்க இருந்து சங்கிலியன் சிலை, தோரண வாசல், மந்திரிமனை, 'ப' வடிவத்தில வெட்டின யமுனா ஏரி எல்லாம் கிட்டக் கிட்ட, சைக்கிள் இருந்தா ஒரு மணித்தியாலம் காணும். 1619 ல போத்துக்கேயரிட்டத் தோத்த யாழ்ப்பாண இராச்சியத்துக் கடைசி ராசா சங்கிலியன்ர தலைநகர் அது. திருவிழாக் காலத்தில மட்டும் அந்தப் பக்கம் றோட்டு மறிச்சிருப்பினம், வாகனத்தைத் தூர விட்டிட்டு நடக்கவேணும், மாமியோட எண்டா திருவிழா இல்லாத நாளாப் பாருங்கோ.

திரும்பி வரேக்க நல்லூரடியில ஐஸ்கிறீம் கடையில ஏறி இறங்குங்கோ, வெளிநாட்டுப் பிள்ளையள் அதைத்தான் முதல்ல கேக்கும். ஏழு ஏழரைக்குப் பிறகு ஓட்டோ குறைஞ்சிடும், வந்த ஓட்டோக்காரற்ற நம்பரைக் காலமையே வாங்கி வைச்சிருந்தா அவரையே கூப்பிட்டு வீட்டை போகலாம், அளவு நாடாவையும் கொப்பியையும் வாங்கில மறந்து விட்டிட்டு வராதேங்கோ.